கொக்கிக்குக் கீழே நின்ற வாத்தியார்



இது கொஞ்சம் நீளமான பதிவு. "சார் மறுபடியும் ஆரம்பிச்சுட்டார்" என்று நகர்ந்து போகிறவர்கள் போகலாம், கோபமில்லை. ஆனால் பட்டறை, மில், கம்பெனி என்று பாரம் தூக்கும் இடத்தில் வேலை பார்ப்பவர்களும், கோயில் கமிட்டியில் இருப்பவர்களும் மட்டும் உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ஏதோ ஒரு ஊர்த் திருவிழா. கிரேன் கொக்கியில் ஒருவரைத் தொங்கவிட்டு மேலே தூக்குகிறார்கள். அவர் அந்தரத்தில் ஆடிக்கொண்டே சாமிக்கு ஆளுயர மாலை போடுகிறார். கீழே பம்பைச் சத்தம், கைதட்டல். நம் ஆட்கள் வரிசையாகக் கைகூப்பும் படம் போட்டிருந்தீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. "சாருக்குப் பிடிக்கலையா?" என்று ஒரு மாணவி தனியாகக் கேட்டிருந்தாள். பிடிக்காமல் இல்லையம்மா, பயமாக இருந்தது.

2023 ஜனவரி 22 உங்களுக்கு நினைவிருக்கலாம். அரக்கோணம் பக்கம், நெமிலிக்கு அருகே கீழ்வீதி கிராமத்தில் மண்டியம்மன் கோயில் மயிலேறு திருவிழா. சாமிக்கு மாலை போட ஆட்கள் ஏறியிருந்த கிரேன் கூட்டத்துக்கு நடுவே சாய்ந்தது. நான்கு பேர் இறந்து போனார்கள். மறுநாள் பேப்பரில் படித்துவிட்டு, "அடப் பாவமே, கீழே ஏன் நின்றார்கள், மேலே ஏன் ஏறினார்கள்" என்று திண்ணையில் உட்கார்ந்து பெரிய நியாயம் பேசினேன். அதிலிருந்து பத்தாவது நாள், ஒரு கொக்கிக்கு நேர் கீழே, கையில் சூடத்தட்டோடு, நானே போய் நின்றேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். உறவினர்களில் பலருக்கு இது பாதி தெரியும். மீதிப் பாதியை நான் யாரிடமும் சொல்லவில்லை.

என் அக்கா மகன் குள்ளஞ்சாவடிக்கு வெளியே, முந்திரித் தோப்பு ஓரமாக, ஒரு பட்டறை போட்டான். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், வெல்டிங் செட். நெய்வேலி பக்கத்து ஒப்பந்தக்காரர்களிடமிருந்து கியர்பாக்ஸ், பம்ப் எல்லாம் பழுது பார்க்க வரும் என்று கணக்கு. அதையெல்லாம் ஆள் வைத்துத் தூக்க முடியாது. அதனால் இரண்டு டன் தூக்கும் ஓவர்ஹெட் கிரேன் ஒன்றை, வேறு ஊரில் மூடிப்போன ஒரு ஷெட்டிலிருந்து பழசாக வாங்கி மாட்டியிருந்தான். புதுசு வாங்கினால் கடன் இன்னும் ஏறும். பழசு வாங்கியது தப்பென்று நான் சொல்லவில்லை. நம் வீட்டில் பாதிப் பொருள் பழசு வாங்கியதுதான்.

ஓவர்ஹெட் கிரேன் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷெட்டின் இரண்டு பக்கமும் உயரத்தில் தண்டவாளம் ஓடும். இரண்டையும் சேர்த்துக் குறுக்கே ஒரு இரும்பு உத்தரம். அது ஷெட்டின் நீளத்துக்கு முன்னும் பின்னும் நகரும். உத்தரத்தில் ஒரு பெட்டி தொங்கும், அது இடமும் வலமும் நகரும். அந்தப் பெட்டிதான் ஹாய்ஸ்ட். உள்ளே மோட்டார், பிரேக், கம்பிக்கயிறு சுற்றிய டிரம். கயிற்றின் நுனியில் உருளையும் கொக்கியும். கீழே நிற்பவர் கையில், ஒயரில் தொங்கும் பட்டன் பெட்டி இருக்கும். அதற்குப் பெண்டன்ட் என்று பெயர். மேலே, கீழே, இடம், வலம், முன்னே, பின்னே. சிவப்பாகக் குடை மாதிரி ஒன்று இருந்தால் அது அவசரத்துக்கு நிறுத்த. நம் கிணற்று ராட்டினத்துக்கு மோட்டார் வைத்த மாதிரிதான் என்று நான் அக்காவிடம் விளக்கம் வேறு சொன்னேன். அறிவியல் வாத்தியார் அல்லவா!

திறப்பு விழா பிப்ரவரி 1, புதன்கிழமை. வடலூர் தைப்பூசத்துக்கு நான்கு நாள் முன்னால். ஒன்பதே காலிலிருந்து பத்தே காலுக்குள் நல்ல நேரம். என் அக்கா மகன் போட்டிருந்த திட்டம் இதுதான்: கொக்கிக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, முதல் பாரமாக ஒரு ஜெனரேட்டரைத் தூக்கவேண்டும். பட்டனை மாமாதான் அமுக்கவேண்டும். மாமா என்றால் நான். பத்திரிகையிலேயே பெயர் போட்டிருந்தான். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு நம்மை யார் எதைத் திறக்கக் கூப்பிடுகிறார்கள்?

போகும்போது என் பழைய மாணவன் ஒருவனையும் அழைத்துப் போனேன். பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான், அதனால் போடவில்லை. 1978இல் என்னிடம் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, அவனுக்கும் எனக்கும் எட்டு வயதுதான் வித்தியாசம். கணக்கில் ரொம்ப சுமார். நெய்வேலியில் கலாசியாகச் சேர்ந்து, வருடக்கணக்கில் ஸ்லிங் கட்டும் வேலை செய்து, பிறகு கிரேன் ஆபரேட்டராகி, முந்தின வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தான். டர்பைன் கூடத்தின் உச்சியில் கேபினில் உட்கார்ந்து ஓட்டியவன். "உனக்குப் பிடித்த சாமான்தான், வந்து பார்" என்று கூப்பிட்டேன். விருந்தாளியாகத்தான் வந்தான்.

நாங்கள் போனபோது சுமார் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். ஷெட்டுக்கு நடுவில் கோலம் போட்டு, அதன் மேல் ஜெனரேட்டர், அதற்கு நேர் மேலே மாலையோடு கொக்கி. சுற்றிலும் வட்டமாக நாற்காலி. குழந்தைகள் ஜெனரேட்டர் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. போட்டோகிராபர் என்னைக் கொக்கிக்குக் கீழே நிறுத்தி, "சார், கொஞ்சம் மேல பாருங்க" என்று படமெடுத்தார். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. வாயெல்லாம் பல்.

என் மாணவன் வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே வரவில்லை. உத்தரத்தைப் பார்க்கிறான், ஹாய்ஸ்டைப் பார்க்கிறான், தண்டவாளத்தின் கடைசியைப் பார்க்கிறான். பிறகு என் அக்கா மகனிடம் வந்து மெதுவாகக் கேட்டான்.

"தம்பி, இத மாட்டின பிறகு வெறுங்கொக்கிய உச்சி வரைக்கும் ஓட்டிப் பாத்தீங்களா?"

"ஓடுதுண்ணே. மேல போவுது, கீழ வருது."

"உச்சி வரைக்கும்?"

"அவ்வளவு தூரம் எதுக்குண்ணே? பாதி ஒசரத்துக்கு மேல நமக்கு வேல இல்ல."

"எடை வச்சி டெஸ்ட் பண்ணினீங்களா? சர்டிபிகேட் இருக்கா?"

"இது சின்னப் பட்டறைண்ணே. ஆறு பேருதான். பத்துப் பேரு இருந்தாத்தான் ஃபேக்டரி, அந்தச் சட்டமெல்லாம்."

"ரோப்புக்கு ஆள எண்ணத் தெரியாது தம்பி."

இவ்வளவும் மெதுவான குரலில்தான். அடுத்து அவன் செய்ததுதான் பெரிய சத்தமாகிவிட்டது. நேராக மெயின் போர்டுக்குப் போனான், சுவிட்சை அணைத்தான், ஃபியூஸ் கட்டையை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "கீழ நிக்கிறவங்க எல்லாரும் வெளிய போங்க. அதுக்கப்பறம் பேசுவோம்" என்றான்.

நல்ல நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. "தம்பி, இந்தாளக் கூட்டியாந்தது நீதானே, நீ சொல்லு அவங்கிட்ட" என்று என்னைப் பார்க்கிறாள். அக்கா மகன் முகம் சிவந்துவிட்டது. சம்பந்தி வீட்டார் பார்க்கிறார்கள், கடன் கொடுத்தவரும் பார்க்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? இதைத்தான் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. "டேய், சின்ன ஹாய்ஸ்ட்தானேடா. நெய்வேலி மாதிரி நினைச்சிக்காத. ஒரு தடவை தூக்கி இறக்கிட்டு அப்பறமா நீ எல்லாத்தையும் பாரு" என்றேன். நாற்பது வருடத்துக்கு முன்னால் அவனை வகுப்பில் அதட்டிய அதே குரலில். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"சார், நீங்க சொன்னா நான் எதையும் கேப்பேன். இத மட்டும் கேக்க மாட்டேன்."

ஃபியூஸ் அவன் பையில். வேறு வழியில்லாமல் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே முந்திரி மர நிழலுக்குப் போனார்கள். உள்ளே நான், அவன், என் அக்கா மகன், ஒயரிங் செய்த சின்னப் பையன், நான்கு பேர்தான். நாங்களும் சுவரோரம்.

முதலில் அவன் எதையும் ஓட்டவில்லை. மாலையைக் கழற்றினான். கொக்கியின் வாயில் நாக்கு மாதிரி ஒரு சிறு தகடு இருக்கும், ஸ்லிங் நழுவி வெளியே வராமல் தடுக்க. அதன் ஸ்பிரிங் போய், நாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. கொக்கியின் வாய் விரிந்திருக்கிறதா, வளைவில் விரிசல் கோடு இருக்கிறதா என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தான். கொக்கி கையால் சுழல்கிறதா என்று திருப்பினான். பிறகு கம்பிக்கயிற்றைப் பனியன் வேஸ்ட் துணியால் சுற்றிப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தான். "வெறுங்கையால தடவக்கூடாது சார். ஒடைஞ்ச இழை இருந்தா கிழிச்சிடும். துணி மாட்டிச்சின்னா அங்க இழை அறுந்திருக்குன்னு அர்த்தம்." அந்தக் கயிற்றில் இரண்டு இடத்தில் மாட்டியது. அடுத்து, கொக்கி தரைக்கு வந்தபோதும் டிரம்மில் குறைந்தது இரண்டு சுற்றாவது கயிறு மிச்சமிருக்கிறதா என்று ஏணி வைத்துப் பார்த்தான். கயிற்றின் நுனியை டிரம்மோடு பிடித்திருக்கும் கவ்விக்கு முழுப் பாரமும் போய்ச் சேரக்கூடாது, சுற்றுகளின் உராய்வே பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக. கிணற்றுக் கயிற்றைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தால் சின்னப் பிள்ளைகூட நிறைகுடத்தைத் தாங்குகிறதே, அதே கணக்கு.

பிறகு ஃபியூஸைப் போட்டான். பெண்டன்டைக் கையில் வாங்கி ஒவ்வொரு பட்டனாகத் தொட்டுத் தொட்டு விட்டான். விட்டவுடன் நிற்கிறதா, பட்டன் உள்ளே சிக்கிக்கொள்கிறதா என்று. சிவப்பு பட்டனை அமுக்கினால் எல்லாம் நிற்கிறதா என்று. அதெல்லாம் சரியாக இருந்தது. என் அக்கா மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பாத்தீங்களாண்ணே, எல்லாம் ஓடுது" என்றான்.

"இரு தம்பி" என்று வெறுங்கொக்கியை மேலே ஏற்ற ஆரம்பித்தான்.

இங்கே லிமிட் சுவிட்ச் பற்றிச் சொல்ல வேண்டும். கொக்கி உச்சிக்கு வரும்போது, அதன் உருளைக்கட்டை ஒரு நெம்புகோலைத் தள்ளும். தள்ளியதும் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் அறுந்து, கொக்கி நிற்கவேண்டும். நிற்காவிட்டால் உருளைக்கட்டை டிரம்மில் போய் முட்டும். மோட்டாருக்கு முட்டியது தெரியாது, இழுத்துக்கொண்டே இருக்கும். கயிறு தெறிக்கும், கொக்கியும் உருளையும் விழும். கால் மூட்டை அரிசி இருபதடி உயரத்திலிருந்து விழுவதுபோல. அதற்குப் பாரம் எதுவும் தூக்கியிருக்க வேண்டியதில்லை. வெறுங்கொக்கியே போதும்.

அவன் உச்சியை நெருங்கும்போது விட்டு விட்டு அமுக்கினான். ஒரு சாண், ஒரு சாண். கட்டை நெம்புகோலைத் தொட்டது. நெம்புகோல் புரண்டது. 'டக்' என்று சத்தமும் கேட்டது. கொக்கி நிற்கவில்லை, ஏறிக்கொண்டே இருந்தது. அவன் விரலை எடுத்தான். நின்றது. கட்டைக்கும் டிரம்முக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி இருக்கும்.

யாரும் பேசவில்லை. அவன் கொக்கியைக் கீழே இறக்கிவிட்டு, ஒயரிங் பையனைத் தோளில் கைபோட்டுக் கூப்பிட்டான். திட்டவில்லை.

"தம்பி, மொத மொத கனெக்சன் குடுத்து 'மேலே' பட்டன அமுக்கினப்ப, கொக்கி கீழ போச்சா?"

"ஆமாண்ணே. ஒயர மாத்திக் குடுத்துட்டேன், சரியாயிடுச்சு."

"எங்க மாத்தின? மெயின்லயா, பட்டன் பெட்டியிலயா?"

"பட்டன் பெட்டியிலண்ணே. கைக்கு எட்டுச்சு."

"அதான்" என்றான் என் மாணவன்.

மூன்று பேஸ் மோட்டாரில் எந்த இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தாலும் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். இதை நான் எத்தனை வருடம் போர்டில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன்! ஹாய்ஸ்டுக்குள் மேலே போக ஒரு கான்டாக்டர், கீழே வர ஒரு கான்டாக்டர். உச்சி லிமிட் சுவிட்ச், மேலே போகும் கான்டாக்டரைத்தான் அறுக்கும். இந்தப் பட்டறையில் பேஸ் மாறி வந்திருக்கிறது, அதனால் எல்லாம் தலைகீழாக ஓடியிருக்கிறது. அப்போது மெயின் சப்ளையில் இரண்டு ஒயரை மாற்றியிருந்தால் எல்லாம் ஒழுங்காகியிருக்கும். பையன் பட்டனில் மாற்றினான். பெயருக்கு 'மேலே' என்றால் மேலே போகிறது. ஆனால் இப்போது அதை மேலே தூக்குவது, கீழே இறக்குவதற்கான கான்டாக்டர். லிமிட் சுவிட்ச் காவல் காப்பது வேறொரு வாசலை. திருடன் வருவது இன்னொரு வாசலில். நெம்புகோல் புரண்டது, 'டக்' என்றது, தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதனால் ஒரு பயனும் இல்லை.

எனக்குக் காலில் பலம் போய்விட்டது. ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டேன். நல்ல நேரத்தில் நான்தான் பட்டனை அமுக்குவதாக இருந்தது. மேளச் சத்தத்தில், கைதட்டலில், எழுபதை நெருங்கும் ஆள், முதல் தடவையாகக் கையில் பெண்டன்ட். தூக்கு தூக்கு என்று எல்லோரும் கத்தியிருப்பார்கள். எந்த இடத்தில் விரலை எடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கோலத்தைச் சுற்றி எங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள்தான் நின்றிருந்தன.

மணி பத்தே காலைத் தாண்டியிருந்தது. அக்கா மகன் வெளியே போய் அவன் அம்மாவிடம் என்ன சொன்னானோ, அக்கா ஒன்றும் கேட்கவில்லை. தேங்காயை வாசலில் உடைத்தார்கள். விளக்கை ஆபீஸ் ரூமில் ஏற்றினேன். லேத்துக்கு மாலை போட்டார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அன்று மாலை அவனோடு எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினேன். நான்தான் மாணவன், அவன்தான் வாத்தியார். 1962இல் நெய்வேலியில் சோவியத் உதவியோடு முதல் அனல்மின் யூனிட் ஓடத் தொடங்கியதிலிருந்து நம் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது அங்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் உள்ளே என்ன செய்கிறார்கள் என்று வாத்தியார்கள் நாங்கள் கேட்டதே இல்லை. சம்பளம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறோம்.

டர்பைன் பராமரிப்பின்போது ரோட்டரைத் தூக்குவதை அவன் சொன்னான். அத்தனை டன் எடையுள்ள தண்டு, அதன் உறையிலிருந்து மேலே வரும்போது இரண்டு பக்கமும் மில்லிமீட்டர் கணக்கில்தான் இடம். மட்டக்கோல் வைத்து மட்டம் பார்த்துப் பார்த்துத்தான் தூக்குவார்களாம். கீழே எத்தனை இன்ஜினியர்கள் நின்றாலும் ஆபரேட்டர் ஒரே ஒரு சிக்னல்காரரின் கையைத்தான் பார்ப்பான். ஆட்காட்டி விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு, கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. சூப்பிரண்டெண்ட் வந்து கத்தினாலும் திரும்பிப் பார்க்க மாட்டான். "ஆனா சார், நிறுத்துன்னு மட்டும் யாரு காட்டினாலும் நிறுத்தணும். பெருக்குற அம்மா காட்டினாலும் நிறுத்தணும். ஏன் நிறுத்தினன்னு எவனும் கேக்கக்கூடாது." உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, கையை நீட்டி இப்படியும் அப்படியும் வீசிக் காட்டினான். நான் காலையில் அவனிடம் சொன்னது ஞாபகம் வந்து, பேச்சை மாற்றிக் காபி கொண்டுவரச் சொன்னேன்.

பிறகு அவனே ஆரம்பித்தான். "சைன் முப்பது எவ்வளவுன்னு கேட்டு என்ன முட்டி போட வச்சீங்களே, ஞாபகம் இருக்கா சார்?" எனக்கு ஞாபகமில்லை. முட்டி போட்டவனுக்கு இருந்தது. "அது அரைன்னு நான் கத்துக்கிட்டது ஸ்லிங் கட்டும்போதுதான் சார்."

ஒரு டன் பாரத்தை இரண்டு கால் ஸ்லிங்கில் தூக்குகிறோம். கால்கள் இரண்டும் நேர் செங்குத்தாக இருந்தால் ஒவ்வொன்றும் 500 கிலோ தாங்கும். விரிந்து, தரைமட்டத்துக்கு 60 பாகையில் சாய்ந்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 577 கிலோ. 45 பாகையில் சுமார் 707. 30 பாகைக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு காலிலும் முழுதாக 1000 கிலோ. பாரம் அதேதான், கூடவில்லை, ஆனால் ஸ்லிங்குக்கு இரண்டு மடங்கு. சந்தேகமிருந்தால் ஒரு துண்டின் நடுவில் தண்ணீர்க் குடத்தைக் கட்டி, இரண்டு பேர் ஆளுக்கொரு நுனியைப் பிடியுங்கள். கிட்டக்கிட்ட நின்றால் சுலபம். விலகிப் போகப் போகத் துண்டு கிழியும் அல்லது தோள்பட்டை கழன்றுவிடும். இவ்வளவு எளிய உதாரணம் இருக்க, நான் ஏன் அவனை முட்டி போட வைத்தேன்?

இன்னொன்றும் சொன்னான். 2020 ஆகஸ்ட் 1ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் ஹிந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில் 70 டன் தூக்கக்கூடிய ஒரு கிரேன் சரிந்து விழுந்து 11 பேர் இறந்தார்கள். அன்று அது வேலை செய்துகொண்டிருக்கவில்லை. பாரச் சோதனை நடந்துகொண்டிருந்தது. "டெஸ்டுன்னா வேடிக்க பாக்க ஆள் சேந்துடும் சார். ஆனா அது தாங்குமா தாங்காதான்னு தெரியாத நாளு அதுதான். அன்னிக்குத்தான் கிட்ட யாரும் இருக்கக்கூடாது." அவன் இதைச் சொன்னபோது எனக்குக் கோலமும், அதைச் சுற்றிப் போட்டிருந்த நாற்காலிகளும்தான் கண்ணில் வந்தன.

மறு வாரம் கயிற்றையும் கொக்கி நாக்கையும் மாற்றினார்கள். ஒயரிங் மெயினில் சரி செய்யப்பட்டது. அந்தப் பையனையே வைத்துச் செய்தார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம், அரசு அங்கீகாரம் பெற்ற ஒரு இன்ஜினியரை வரவழைத்தோம். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவில், பாரம் தூக்கும் இயந்திரங்களையும் சங்கிலி, கயிறுகளையும் தகுதி பெற்ற ஒருவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது முழுதாகச் சோதிக்கவேண்டும், தூக்கக்கூடிய எடையை அதன் மேலேயே எழுதவேண்டும், அதற்கு மேல் தூக்கக்கூடாது என்று அப்போது இருந்தது. கிரேன் ஓடும் பாதையில் ஆள் வேலை செய்தால், 6 மீட்டருக்குள் கிரேன் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது. ஆறு பேர் பட்டறைக்கு இது பொருந்துமா என்ற வாதத்தை என் அக்கா மகன் அதன் பிறகு எடுக்கவே இல்லை.

பாரச் சோதனையை நான் வெளியே, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு டன் ஹாய்ஸ்டுக்கு 125 சதவீதம், அதாவது இரண்டரை டன். லாரி எடைமேடையில் நிறுத்துச் சீட்டு வாங்கிய இரும்புத் தகடுகள். கண்மதிப்பு கிடையாது. முதலில் பாதி எடை, பிறகு இரண்டு டன், கடைசியில்தான் இரண்டரை. தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கி நிறுத்தினார்கள். விழுந்தாலும் ஒரு சாண்தான் விழும். பக்கத்தில் ஒரு கம்பு நட்டு, பாரத்தின் அடிமட்டத்துக்குச் சாக்பீஸில் கோடு. பத்து நிமிடம் காத்திருந்தார்கள். பாரம் கோட்டுக்குக் கீழே நழுவினால் பிரேக் பிடிக்கவில்லை என்று பொருள். நழுவவில்லை. உத்தரம் நடுவில் எவ்வளவு வளைகிறது என்று அளந்தார்கள். இறக்கிய பிறகு பழைய நிலைக்குத் திரும்பியதா என்றும் அளந்தார்கள். திரும்பியது. மீட்சித்தன்மை பாடத்தை முப்பத்தைந்து வருடம் ரப்பர் பேண்டை வைத்து நடத்திய எனக்கு, இரும்பு உத்தரம் வளைந்து நிமிர்வதைப் பார்க்கப் புல்லரித்தது.

எல்லாம் முடிந்ததும் என் அக்கா மகன் உற்சாகமாக, "அப்ப ரெண்டரை டன் தாராளமா தூக்கலாம்" என்றான். இன்ஜினியரும் என் மாணவனும் ஒரே சமயத்தில் "கூடாது" என்றார்கள். அது சோதனைக்கு மட்டும்தான். உத்தரத்தின் இரண்டு பக்கமும் '2 டன்' என்று மஞ்சள் பெயின்டில் பெரிதாக எழுதினார்கள். பாரத்தைக் கோணலாக இழுக்காதே, தரையில் போல்ட் போட்டுப் பிடித்திருப்பதைப் பிடுங்காதே, பாரத்தின் மேல் ஆளை ஏற்றாதே, தொங்கவிட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதே, இதையெல்லாம் என் மாணவன் அந்த ஆறு பேரிடமும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பேசினான். காசு வாங்கவில்லை. ஒரு பலாப்பழம் மட்டும் வாங்கிக்கொண்டான்.

திருவிழா வீடியோவுக்கு வருகிறேன். அந்த வண்டிக் கிரேனும் பொருளைத் தூக்கச் செய்ததுதான். கொக்கியில் ஆளைத் தொங்கவிட அதைச் செய்யவில்லை. அதோடு ஓவர்ஹெட் கிரேனுக்காவது தூண் இருக்கிறது, வண்டிக் கிரேனுக்கு அது நிற்கும் மண்தான் தூண். நம் பக்கத்துச் செம்மண் மழை பெய்த மறுநாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கமிட்டியில் இருக்கும் மாணவர்களே, மாலை போட நல்ல சாரம் கட்டிக்கொள்ளுங்கள். யாராவது எதிர்த்துப் பேசினால் என்னைப் பேசச் சொல்லுங்கள், வந்து பேசுகிறேன். கிரேன், ஹாய்ஸ்ட் வைத்திருப்பவர்களுக்குச் சந்தேகம் இருந்தால் தனியாக எழுதுங்கள். அவனிடம் கேட்டுச் சொல்கிறேன். இப்போதெல்லாம் அவனை நான் 'டா' போட்டுக் கூப்பிடுவதில்லை. அவன்தான், "ஏன் சார், கோபமா?" என்று கேட்கிறான்.

என் அக்கா மகன் தினமும் காலையில் பட்டறை திறந்ததும் வெறுங்கொக்கியை உச்சி வரை ஏற்றி, லிமிட்டில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலை தொடங்குகிறான். அதைச் சின்ன வீடியோவாக எடுத்து எனக்கும் என் மாணவனுக்கும் அனுப்பிவிடுவான். நாங்கள் கேட்கவில்லை, அவனாகவே அனுப்புகிறான். காபி குடித்துக்கொண்டே பார்ப்பேன். இன்று காலை வந்ததில் அக்காவும் பட்டறைக்கு வந்திருந்தாள் போல. முகம் தெரியவில்லை, வெளியிலிருந்து குரல் மட்டும் கேட்கிறது. "நின்னுடுச்சாடா?"